தென்பெண்ணையை மறித்த கருங்கோடு

தை மாதத்து நண்பகலிலும் அந்தக் கரும்பாறை உள்ளங்காலைச் சுட்டது. பாகலூர்ப் பக்கம் தென்பெண்ணையின் வெளிறிய பாறைகளுக்கு நடுவே, யாரோ கோடு கிழித்ததுபோல் அது கரைக்குக் கரை ஓடியது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் எட்டாம் வகுப்பு.

மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த அம்மா, ஓசூரில் கருங்கல்லுக்கு "பாலிஷ்" போடும் பட்டறையில் வேலை பார்த்தாள். உருகிய பாறைக்குழம்பு சீக்கிரம் ஆறினால் நுண்மணியாகவும் மெல்ல ஆறினால் பெருமணியாகவும் இறுகும் என்று நான் பாடம் படித்தபோது, அவள் சொன்னாள்: "எங்க பட்டறைக் கல்லும் அப்படித்தான்டி. ஓரத்துக் கல்லு மாவு கணக்கா இருக்கும், நடுக்கல்லு ரவை கணக்கா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் அதே கருங்கல்லான அந்த ஆற்றுக் கோடும், பூமியின் வெடிப்பில் குழம்பாய் ஏறி, ஓரம் முதலில் ஆறி இறுகிய நெருப்பு. அட்டையில் வரைந்து பள்ளிக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். அறிவியல் ஆசிரியர் திருப்பித் தந்தார்: "நெருப்புக் குழம்பு நம்ம ஊர்லயா? ஆதாரம் கொண்டா, வைக்கிறேன்."

ஞாயிறன்று அம்மாவும் நானும் தோழி மஞ்சுளாவும் புறப்பட்டோம். கரையேறிய கோடு கேழ்வரகுக் கொல்லையில் மறைந்துவிட்டது. வெடிப்பில் ஏறிய கோடு என்றால் அது நேராகவே போய், ஆறு வளைந்து வரும் இடத்தில் மறுபடி குறுக்கிட வேண்டும் என்பது என் கணக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள். ஒரு மணி நேரம் போயும் கருப்புத் தென்படவில்லை.

"திரும்பிடலாம் பா, எல்லாம் வெள்ளைக்கல்லுதான்" என்றாள் மஞ்சுளா.

அப்போதுதான் இரைச்சல் கேட்டது. மேட்டில் ஏறியதும், "நோடு, நோடு" என்று மஞ்சுளா தன் வீட்டுக் கன்னடத்தில் பார்க்கச் சொல்லி என்னைப் பிடித்து உலுக்கினாள். அதுவரை அகலமாய்ச் சோம்பி வந்த ஆறு, இரண்டாள் உயரக் கருஞ்சுவர்களுக்கு நடுவே ஒரு சந்தாக ஒடுங்கிப் பாய்ந்தது. நெருப்பு எழுப்பிய சுவரை, மணலையே அரமாக்கி, எத்தனை லட்சம் ஆண்டுகளாய் அறுத்ததோ! அம்மா பாறையின் ஓரத்தையும் நடுவையும் மாறி மாறித் தடவினாள். "மாவு... ரவை" என்று சிறுபிள்ளைபோல் சிரித்தாள்.

திங்களன்று, ஓரத்திலும் நடுவிலும் நாங்கள் பெயர்த்து வந்த இரண்டு சில்லுகளையும் விரலால் உரசிப் பார்த்த ஆசிரியர், அட்டையைத் தாமே சுவரில் மாட்டினார். அதில் முதல் பெயர் அம்மாவுடையது.

சென்ற ஆண்டு அம்மாவோடு அங்கே போனேன். ஒரு பக்கச் சுவரைக் கல்குவாரிக்காரர்கள் அடியோடு அறுத்தெடுத்துவிட்டார்கள். தடை போன வழியில் ஆறு கழிவு நுரையைச் சுமந்துகொண்டு தட்டையாய்ப் போனது. எந்த ஊர்ச் சமையலறை மேடைக்கு அந்தக் கல் போனதோ என்றேன்.

அம்மா குனிந்து குழியின் அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினாள். "நானே மெருகு போட்டு அனுப்பியிருப்பேன்டி" என்றாள்.