உப்பு லாரியின் தார்ப்பாய்

யாக்கூப் தூத்துக்குடியில் உப்பு வாங்கி, புளியறை வழியாகக் கேரளத்துக்குக் கொண்டுபோய் விற்கும் லாரிக்காரர். போகும் வழியில் குற்றாலத்துக்கு வண்டியைத் திருப்பி, பழைய சித்திர மண்டபத்தின் சுவரோவியங்களைப் பார்க்காமல் போகமாட்டார். அவற்றிலிருந்த யானை மீது அவருக்குத் தனிப் பிரியம்.

அறுபத்துநாலாம் வருஷத்து மார்கழிப் புயல் அந்த மண்டபத்துக் கூரை ஓடுகளைத் தூக்கியெறிந்தது. யாக்கூப் போய்ச் சேர்ந்தபோது காவல்காரர் ரத்தினம் பதறி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, சுவரு நனையுது. சாயமெல்லாம் கரைஞ்சிரும்!"

யாக்கூப் உப்பு மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தார்.

"உங்க சரக்கு என்ன ஆவும்?"

"உப்பு வாற கோடையிலயும் விளையும் வே. இந்த யானைய எவன் விளைவிப்பான்? பிடியும்!"

இருவரும் கூரையேறி, காற்றோடு மல்லுக்கட்டித் தார்ப்பாயைக் கட்டினார்கள். மழை ஓய்ந்தபோது ஓவியங்கள் பிழைத்திருந்தன. உப்பில் பாதி கரைந்து சாலையோடு போயிருந்தது.

வீடு திரும்பியதும் விஷயம் தெரிந்த அவர் மனைவி ஹைருன் பீவி அவரோடு பேசவேயில்லை.

"உப்பு போனதுக்கா இவ்வளவு கோவம்?" என்றார் யாக்கூப்.

"உப்பு கெடக்கு. அந்தக் காத்துல கூரையில ஏறினியளே, விழுந்திருந்தா நான் என்ன செய்வேன்?" என்று சொல்லி அழுதாள்.

யாக்கூப் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.