மீன்குஞ்சுக்குச் சுற்றிய உப்பு

போன வாரம் பந்தல்குடியில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு. சுவரைக் குடைந்து மீன்தொட்டி வைத்திருந்தார்கள். ஊதா விளக்கு, வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை, சாயம் ஏற்றிய மீன்கள். "ஆளு வச்சுத்தான் பாக்கோம்ணே, நாங்க கையே வைக்கிறதில்ல" என்றார் வீட்டுக்காரர், அதுவும் பெருமையாக. மூடி இடுக்கிலிருந்து அந்த வாடை வந்தது. பாசி, ஊறிப்போன தீனி, மீன் கழிவு எல்லாம் கலந்த வாடை. கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது வெறும் நாற்றம். எனக்கு அது சொந்த நாற்றம்.

கல்யாணமான புதிதில், அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, வாடகை வீட்டு முன்னறையில் நான் குள்ளச் சிக்லிட் வளர்த்தேன். பெயரைக் கேட்டு ஏதோ சரும வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். ஜிலேபி மீன் தின்றிருப்பீர்களே, அதன் பங்காளி. ஆனால் சுண்டுவிரலைத் தாண்டாது. உடம்பெல்லாம் நீலப் பொட்டு, கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்தாற்போல ஒரு கோடு. மதுரையில் ஒரு ஜோடி வாங்கி, பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். காரியாபட்டியில் ஏறிய பெரியவர் பையை உற்றுப் பார்த்தார்.

"இது கொழம்புக்குக் காணாதே தம்பி."

"வளக்குறதுக்குங்கய்யா."

"வளத்து?"

பையை இன்னும் கொஞ்சம் மடியோடு அணைத்துக்கொண்டேன்.

எப்படியாவது அதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. எங்கள் ஊர் போர் தண்ணீரோ பருப்பை வேகவிடாது, சோப்பை நுரைக்கவிடாது. இந்த மீன் மழைத்தண்ணீர் மாதிரி மெத்தென்ற தண்ணீரில்தான் முட்டையிட்டுப் பொரிக்கும். ஆட்டுக்கிடை போட வேண்டிய ஊரில் அமேசான் நதிக்காரனைக் குடிவைத்த புத்திசாலி நான். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் பாதி தொட்டிக்குப் போனது.

"நாங்க உப்புத் தண்ணியில சோறு பொங்குதோம். இதுகளுக்குக் கேன் தண்ணி. பெறகு எளநியா?" என்றாள் என் மனைவி செல்வி.

தொட்டி கழுவுவதென்றால் டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் ஏறும் நொடியில் வாயை எடுத்துவிட வேண்டும். நான் எந்த வேலையையும் சரியான நொடியில் செய்ததில்லை. அந்த ருசியை விவரிக்க மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டுக்கூட இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

தீனி அதைவிடக் கேவலம். சாக்கடைப் புழு. சிவப்பாக, நூல்நூலாக, ஒன்றோடொன்று பின்னி நெளியும். டிபன் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த மச்சினன் தண்ணீர் எடுக்கப் போனவன் டப்பாவையும் திறந்துவிட்டான்.

"ஏன் மச்சான், கேப்பச் சேமியா வாங்கியிருக்கீகளா?"

விரலைவிட்டுத் தொட்டவன் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் அன்று எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செல்வி அன்றே கெடு வைத்தாள். "இன்னும் ஒரு தடவ பாப்பேன். குஞ்சு பொழச்சா தொட்டி இருக்கட்டும். இல்ல, தெருவுல கெடக்கும்."

நியாயமான கெடுதான். அதுவரை இட்ட முட்டைகள் சளி மாதிரி வெளுத்து அழுகின, அல்லது தகப்பன்காரன் தின்று தீர்த்தான். காலையில் ஷிப்டுக்குப் போகும்போது கல்லில் முட்டை இருக்கும். திரும்பி வந்தால் கல் இருக்கும், அவன் வயிறு உப்பியிருக்கும். பல நாள் அவன் முகத்தில் விழிக்காமலே தீனியைப் போட்டுவிட்டுப் போனேன்.

அந்தக் கடைசித் தடவை பொரித்தது. கண்ணும் வாலுமாக ஒரு சின்னக் கூட்டம் மணலுக்கு மேல் எழும்பியது. அந்த முட்டை முழுங்கித் தகப்பன், திடீரென்று பொறுப்பு வந்தவனாக, வழிதவறிய குஞ்சை வாயில் கவ்விவந்து கூட்டத்தில் துப்பினான். தெருவே வந்து பார்த்தது. பார்க்காதவர்களை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். செல்விகூட நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளைக்குக் கண்பட்டால் கல்லுப்பைச் சுற்றித் தண்ணீரில் போடுவார்கள். உப்பு கரையக் கரையக் கண்ணேறும் கரையும் என்று நம்பிக்கை. நான் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொன்னாள்:

"தம்பி, ஊர்க் கண்ணு பூராம் இதுக மேலதான்டா. சுத்திப் போட்டுட்டேன்."

"எதுலக்கா போட்ட?"

"கொடத்துத் தண்ணியெல்லாம் குடிக்கிற தண்ணி, அதுல போடலாமா? தண்ணி வேற நாலு நாளா வரலையாம். அதான் இதுலயே போட்டேன். ரெண்டு கை நெறைய."

கல்லுப்பு மணலில் இன்னும் கரையாமல் கிடந்தது. குஞ்சுகள் அதன் மேலேயே ஒதுங்கிக் கிடந்தன. இந்த மீனுக்கு உப்பு விஷம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவ்வளவு நிம்மதியாக நின்றாள் அக்கா. அவளை பஸ் ஏற்றிவிட்டு ஓடிவந்தால், செல்வி சேலையைச் சொருகிக்கொண்டு வீட்டில் இருந்த ஒரே கேன் தண்ணீரையும் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. செத்ததை ஒவ்வொன்றாக அப்பனும் ஆத்தாளும் விழுங்கின. என்னால் பார்க்க முடியவில்லை. வாசலில் போய் நின்றேன்.

"தூக்கிப்போட மனசில்லாம முழுங்குதுகளோ என்னமோ" என்றாள் செல்வி.

தெருவில் போடச் சொன்னவள், இன்னொரு தடவை பார்க்கலாமே என்றாள். எனக்குத்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜோடியை மதுரைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "குஞ்சுக எப்பிடி இருக்கு?" எடுத்தது செல்வி. என்னைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்கு மதினி, உங்க கை ராசி" என்றாள்.

அதிலிருந்து நாங்கள் போனில் மீன் வளர்க்க ஆரம்பித்தோம். புழு வேண்டாம், கேன் தண்ணீர் வேண்டாம், நாற்றம் அறவே இல்லை. இவ்வளவு சுத்தமாக நான் எதையும் வளர்த்ததில்லை. பெரிதாயின, ஜோடி சேர்ந்தன, பேரன் பேத்தி எடுத்தன. ஒருநாள் வாய் தவறி, ஒரு சாண் வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். "ஏலே, அறுத்துப்புடாதீகடா, பாவம்" என்றாள் அக்கா. தன் உப்பில் பிழைத்த மீன்களைப் பற்றி அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

இந்த மாசியில் அக்கா போய்விட்டாள். காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது செல்வி சொன்னாள்:

"இனிமே அதுகளப் பத்தி யாருங்க கேக்கப் போறா?"

போனில் வளர்ந்த அவ்வளவு பெரிய மீன்கூட்டம். ஒன்றுகூட மிச்சமில்லை.