சாந்தோவின் பெயர் கொண்ட ஓடு

பொஹோல் தீவின் சின்ன அருங்காட்சியகத்தில் கடல் முள்ளெலிகளையும், காசுபோல் தட்டையான மணல் டாலர் ஓடுகளையும் இனம் பிரித்து அடுக்குவது லியோனிலாவின் வேலை. போன வாரம் வலையில் வந்ததா, எந்தக் காலத்திலோ கல்லாகிப் போனதா என்பதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். முதுகில் ஐந்து இதழ்களும் எப்படி விரிகின்றன, அடியில் இரை போகும் கோடுகள் எங்கே கிளைவிடுகின்றன, கழிவுத் துளை விளிம்பை ஒட்டியா உள்ளே தள்ளியா என்று பார்ப்பாள். பார்த்தால் குலம் கோத்திரம் சொல்லிவிடுவாள்.

ஓர் இழுப்பறையை மட்டும் அவள் தேவையில்லாமல் திறக்க மாட்டாள். அதில் இருந்த மணல் டாலரை ஆழத்திலிருந்து எடுத்து வந்தவன் அவள் தம்பி கிரிசாந்தோ. மறுபடி மூழ்கியவன் மேலே வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஓடு புது இனம் என்று முடிவானபோது அவன் பெயரையே அதற்கு வைத்தார்கள். அன்றிலிருந்து, பிள்ளைகள் நானாய் என்று கூப்பிடும் அம்மா டொமிங்காவுக்கு அந்த இழுப்பறைதான் கல்லறை. கல்லறைத் திருநாள்தோறும் மெழுகுவர்த்தியும் பீக்கோ இனிப்பும் கொண்டுவந்து, அதன் முன் உட்கார்ந்து மகனிடம் ஊர்வம்பு பேசுவாள். கடல் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். லியோனிலாவுக்குத்தான் அந்த இழுப்பறையென்றால் பயம். ஆளில்லாத அந்த அறையில் பல நாள் ஈரத்துணி வாடை அடிக்கும்.

அந்த வருஷம் மலையில் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்கள் கல்லாகிப் போன ஒரு மணல் டாலர் ஓட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் வைத்துவிட்டுப் போன இனம். அதைத் தம்பியின் ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே இதழ், அதே கோடு, அதே துளை. ஒரு வித்தியாசமாவது கண்ணில் படாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். படவில்லை. இரண்டும் ஒன்றென்றால் முந்திய பெயர்தான் நிற்கும், தம்பியின் பெயர் செல்லாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்த பெயருக்கு முன்னால் அம்மாவை அழவிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவளே பெயர்ச்சீட்டை மாற்றினாள்.

திருநாளன்று டொமிங்கா வந்து இழுப்பறையைத் திறந்தாள்.

"என்னடி இது, வேற பேரு எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நானாய், மலையில கெடச்சதும் இதுவும் ஒரே இனம். மொதல்ல வெச்ச பேருதான் நிக்கும்."

"மாத்துனது யாரு?"

"நான்தான்."

டொமிங்கா அடிக்கக் கை ஓங்கினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப எம்புள்ள எங்கடி?"

"கடல்லதான் நானாய். அன்னைலேர்ந்து கடல்லதான் இருக்கான்."

டொமிங்கா இனிப்புத் தட்டை மூடி, மெழுகுவர்த்தியோடு எடுத்துக்கொண்டு படகுத்துறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். லியோனிலா பின்னாலேயே ஓடினாள். துறையில் அடித்த காற்றில் மெழுகுவர்த்தி பற்றவே இல்லை. டொமிங்கா அதை வீசிவிட்டு, விளிம்பில் குனிந்து தண்ணீருக்குள் கத்தினாள்.

"சாந்தோ! அங்க என்னடா பண்ற இவ்வளவு நேரம்? சோறு ஆறுது, வீட்டுக்கு வாடா!"

படகுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். லியோனிலா அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். தண்ணீரை மட்டும் அவள் பார்க்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.