யசிந்தன் மறைத்த தலையிடி

யசிந்தன் பதினொரு வருடம் உதைபந்தாட்டத்தில் சம்பளம் வாங்கியவன். பின்வரிசையில் தடுத்தாடும் சென்டர் பாக். உயரத்தில் வரும் பந்துகளை எல்லாருக்கும் முதல் எழும்பித் தலையால் அடித்துத் துரத்துவதுதான் அவன் வேலை. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் வளர்ந்தவன், பதினெட்டு வயதில் சுவீடனில் ஒரு சின்னக் கழகம் அவனை எடுத்தது. பிறகு பின்லாந்து. இருபத்தாறு வயதில் ரொறன்ரோவுக்குத் திரும்பி, இங்கத்தைய கழகமொன்றில் சேர்ந்து, நிரூபாவைக் கல்யாணம் கட்டினான்.

ஆட்டப் பருவம் தொடங்கமுதல் கழகத்தில் ஆட்டக்காரர்களைக் கணினிக்கு முன்னால் இருத்தி ஞாபகச் சோதனை வைப்பார்கள். தலையில் அடிபட்டால் அதே சோதனை திரும்பவும் நடக்கும். முதல் எடுத்ததைவிடப் புள்ளி குறைந்தால் விளையாட விடமாட்டார்கள். யசிந்தன் முதல் சோதனையை வேண்டுமென்றே மோசமாகச் செய்வான். பிறகு அடிபட்டாலும் புள்ளி குறையாது. இதை ஒருநாள் நிரூபாவுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவன் விளையாடிய கடைசி வருடம் ஜூனில், எதிரணிக்காரன் ஒருவனோடு தலை மோதி மைதானத்தில் விழுந்தான். எழும்பி, ஒன்றுமில்லையென்று கையைக் காட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தான். பிறகு வைத்த சோதனையிலும் தேறிவிட்டான். பிறகு வந்த தலையிடியைப் பற்றி ஒருவரிடமும் வாய்திறக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, டே கெயாரில் மகள் லக்ஷிகாவை ஏற்றிக்கொண்டு பார்க்கிங்கில் நின்று நிரூபாவுக்கு அழைத்தான்.

"நிரு, வீட்டை போறதுக்கு எந்தப் பக்கம் திரும்புறது?"

அவள் பகிடியென்று நினைத்துச் சிரித்தாள். அவன் திரும்பவும் அதையே கேட்டான். அவனுக்கு ஆறு வயதிலிருந்து தெரிந்த றோட்டு அது.

அந்த ஞாயிறு யசிந்தனின் தகப்பன் வீரக்குட்டியின் வீட்டில் சாப்பிடும்போது நிரூபா அவனிடம் கேட்டுக்கொண்டாள்.

"டொக்டரிட்ட நீயே சொல்லு, யசி. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"ஒக்டோபரில கொன்ட்ராக்ட் முடியுது. புதுசு சைன் பண்ணினாப் பிறகு பாப்பம்."

"அதுக்குள்ள இன்னொருக்கா அடிபட்டா?"

அவன் இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டான்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நிரூபா கழக டொக்டர் பேர்ணடெற்றுக்கு அழைத்தாள். சோதனையில் அவன் செய்த கள்ளத்தையும் சொன்னாள். டொக்டர் அவனை அன்றைக்கே ஆட்டத்திலிருந்து நிறுத்தி, நரம்பு நிபுணரிடம் அனுப்பினார். இனித் தலையால் பந்து அடிக்கவே கூடாதென்று நிபுணர் எழுதிக்கொடுத்தார். அதோடு எல்லாம் முடிந்தது. அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. ஒக்டோபரில் கழகம் அவனைப் புது ஒப்பந்தத்துக்குக் கூப்பிடவில்லை.

சொன்னது நிரூபாதான் என்று தெரிந்த நாளே யசிந்தன் உடுப்பை எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டான். அவள் அழைத்தபோது எடுக்கவில்லை. பிள்ளையை மட்டும் சனிக்கிழமைகளில் பார்த்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பான்.

வீரக்குட்டி ஏழு கிழமை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலமை, சாப்பாட்டு மேசையில் இருந்த யசிந்தனுக்கு முன்னால் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவள் செய்தது பிழையெண்டு நினைக்கிறியா, மகன்?"

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அப்பா. கேக்காமச் செய்துபோட்டாள்."

வீரக்குட்டி எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"கேட்டவள். இந்த மேசையிலதான். நீ இருந்த கதிரையும் இதுதான். நானும் பக்கத்தில இருந்தன்."

"எப்ப?"

அவர் முழுவதையும் சொன்னார். அன்று என்ன கறி என்பதுவரை சொன்னார். யசிந்தனுக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. பின்னேரம் உடுப்பை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பிப் போனான்.

இப்போது வெக்ஸ்போர்டில் ஒரு மாபிள் கடையில் அரைநாள் வேலை செய்கிறான். சில நாள் ஞாபகம் ஒன்றும் பிசகாமல் முழுதாக இருக்கிறான். சில நாள் மகள் சொல்லும் கதையைப் பாதியில் தவறவிட்டு, தலையாட்டிச் சமாளிக்கிறான். இந்த மறதி இன்னும் கூடுமா, இப்படியே நிற்குமா என்று டொக்டர்மாரால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நிரூபா கேட்டாள்.

"இன்னும் என்னில கோவமா?"

"ஓம்," என்றான் அவன். "நீ செய்தது சரியெண்டு தெரியும். ஆனா இன்னும் கோவம்தான்."

அவள் மிச்ச உடுப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவனும் மடித்தான்.