மண்ணெண்ணெயில் கழுவிய விரல்

மாதேஷின் கட்டைவிரலைக் கொன்றது மெஷின் அல்ல. நான்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்... நீ அவனை அறியமாட்டாய் என்ற துணிச்சலில்தான்.

ஓசூரில் ஒரு சிறிய கம்பெனி. சூப்பர்வைசரிடம் மட்டுமே செல்போன் இருந்த காலம். தகடு வெட்டும் மெஷினில் மாதேஷ். வெட்டிய பீஸ்களைக் கழுவித் தருவது என் வேலை. பிசுக்கோடு போனால் இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எது கைக்கு வந்தாலும் மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்கித் தேய்த்துத் துடைத்த பிறகுதான் அடுத்த வேலை.

அவன் கர்நாடக எல்லையோரத் தளிக்காரன், நான் ஊத்தங்கரை. இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. நான் சோறு வடிப்பேன், அவன் குழம்பு வைப்பான். ஊரைவிட்டு வந்த எனக்கு அவன்தான் எல்லாம்.

அன்று அவன் வலதுகைக் கட்டைவிரல் துண்டாகி என் காலடியில் விழுந்தது. சூப்பர்வைசர் வண்டிக்கு ஓடினார். நான் விரலை எடுத்தேன். கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. இவ்வளவு அழுக்கோடு கொடுத்தால் டாக்டர் தொடுவாரா என்று நினைத்தேன்... நினைத்தேனா? இல்லை, கை பழக்கத்தில் போனது. தொட்டியில் முக்கினேன். நகக்கண்ணைக்கூட விடாமல் தேய்த்தேன். என்ன அக்கறை எனக்கு!

பெங்களூரு ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"எதுல கழுவுனீங்க?"

"மண்ணெண்ணெய்ல சார்."

அவர் திட்டவில்லை. "வெட்டு சுத்தமா இருக்குப்பா. சும்மா ஈரத்துணியில சுத்தி எடுத்தாந்திருந்தா தெச்சிருக்கலாம்" என்றார்.

மயக்கம் தெளிந்த மாதேஷ் முதலில் கேட்டது அதைத்தான். "ஒட்ட வெச்சிட்டாங்களாடா?"

"நசுங்கிப் போச்சாம்டா" என்றேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கழுவியதற்கு அது பொருந்தும். பொய்க்கு? உண்மை தெரிந்தால் என்னைவிட்டுப் போய்விடுவான் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, அவனுடைய கால் பெருவிரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்றார்கள். "என் கால்ல இருந்து எடுத்துக்கங்க சார்" என்று கெஞ்சினேன். அடுத்தவர் விரலை உடம்பு அவ்வளவு எளிதில் ஏற்காது என்று சொல்லி டாக்டர் என் தோளைத் தட்டினார். மாதேஷ் பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டான். அவன் அம்மா என் கன்னத்தைத் தடவிக் கன்னடத்தில் வாழ்த்தினாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

விரல் ஒட்டிக்கொண்டது. காலில் செருப்புதான் நிற்கவில்லை; பெருவிரல் இல்லாமல் வாரை எதைக்கொண்டு பிடிப்பான்? பின்வார் வைத்த செருப்பு வாங்கித் தந்தேன். அதற்கும் நெகிழ்ந்து போனான், பாவி.

உணர்ச்சி மட்டும் வரவில்லை. நரம்பு மெல்லத்தான் வளரும், தினமும் தொட்டுப் பழக்குங்கள் என்றார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். நான் பஞ்சால், கரண்டியால், குளிர்ந்த டம்ளரால் தொடுவேன். "ஒண்ணும் தெரியலடா" என்பான். நாளாக நாளாக அதைக் கேட்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது... இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் மாலை, எதுவும் எடுக்காமல் வெறும் கையால் அந்த விரலைப் பிடித்தேன்.

"டேய்... தெரியுதுடா" என்றான். கண்ணைத் திறக்கவில்லை. "உன் கைதான? ஏன்டா இப்படி நடுங்குது?"

"சந்தோஷத்துலடா" என்றேன். நம்பினான். அந்த விரலாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

இன்றும் அவன்தான் குழம்பு வைக்கிறான். அந்த விரலால் கரண்டியைப் பிடித்து, என் தட்டில்தான் முதலில் ஊற்றுகிறான். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறேன்.