என் எடைக்கு ஒரு மணல் மூட்டை

எங்கள் குப்பத்தில் சட்டையோடு ஏரியில் இறங்கிய ஒரே பையன் நான்தான். மற்றப் பையன்கள் கரையில், படகில், டீக்கடையில் என எங்கும் அரை டவுசரோடுதான் திரிவார்கள். மீன் பிடிக்கிற ஊரில் உடம்பை மறைத்துக்கொள்ள இடம் கிடையாது. எனக்கு மார்பு தொங்கியது. வயிறு டவுசரின் மேல் மடிந்து விழுந்தது. கடலோடு சேர்ந்த ஏரி அது; உப்புத் தண்ணீரில் நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நான் மறைக்க நினைத்ததை இன்னும் நன்றாகக் காட்டும். அது தெரிந்தும் கழற்ற மாட்டேன்.

அந்த உடம்புக்கு ஒரே ஓர் இடத்தில் மரியாதை இருந்தது. அது என் அப்பாவின், நைனாவின் படகு.

நைனா படகில் பாய் கட்டித்தான் ஏரிக்குள் போவார். மோட்டார் சத்தத்தில் மீன் ஒதுங்கிவிடும் என்று காரணம் சொல்வார். உண்மையில் மோட்டார் வாங்க வழியில்லை. காற்றில் பாய்ப்படகு ஒரு பக்கமாகச் சாயும். சாயாமல் இருக்கக் காற்று வருகிற பக்கத்து விளிம்பில் கனம் வேண்டும். அதற்கு மற்றவர்கள் மணல் மூட்டை வைத்திருப்பார்கள். படகைத் திருப்பும்போதெல்லாம் மூட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போட வேண்டும். நைனாவுக்கு நான் இருந்தேன்.

"எம் மூட்டை தானா நவுரும்"னு கரையில் சொல்லிக்கொள்வார்.

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஊருக்கும் கேட்கவில்லை. எட்டாவது முடிப்பதற்குள் எல்லாரும் என்னை மூட்டை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், நண்டு வாங்குகிற கொட்டகையில் இருந்த பெரிய தராசின்மேல் என் மாமன் மகன் என்னைத் தள்ளி நிறுத்தினான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், கயிறு மாதிரி முறுக்கேறிய உடம்பு.

"அண்ணே, இந்த நண்டு இன்னா வெல போவும்?"

நண்டு வாங்கும்போது கொட்டகைக்காரர் அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அழுந்தினால் தண்ணி நண்டு, உள்ளே சதை இல்லை, தூக்கி எறிந்துவிடுவார். அதே விரலால் என் வயிற்றை அழுத்தினார்.

"கெட்டி நண்டுடா. இது ஒண்ணு போட்டாலே ரெண்டு பெட்டி ரொம்பிடும்."

மாமன் மகன் அதைப் போனில் எடுத்து, பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்துப் போட்டான். மறுநாள் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்திலிருந்து என் வகுப்புக்கு வருகிற பெண்கள்கூட என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்கள். இரண்டு பெட்டி.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். அக்காவின் போனில், வயிற்றில் பலகை பலகையாகச் சதை வைத்திருந்த பையன்கள் கோழி நெஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, டப்பாவில் வருகிற பொடி என்று பட்டியல் போட்டார்கள். எங்கள் வீட்டில் சோறும் மீன் குழம்பும்தான். வாங்கிச் சாப்பிடுவதற்குக் காசு வேண்டும். சாப்பிடாமல் இருப்பதற்கு வேண்டாம். எனக்கு முடிந்ததைச் செய்தேன்.

காலையில் பள்ளியில் சாப்பிடுவேன் என்று வீட்டிலும், வீட்டில் சாப்பிட்டேன் என்று பள்ளியிலும் சொன்னேன். அம்மா எதிரில் உட்கார்ந்து போட்டால் உண்டுவிட்டு, வலைக் கொட்டகைக்குப் பின்னால் போய் விரலை விட்டு எடுத்துவிடுவேன். நாய்கள் என்னைப் பார்த்தாலே வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்தன. ஐஸ் பெட்டிக்குள் விரிக்கிற தடித்த பிளாஸ்டிக் தாளை வயிற்றில் சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் மணலில் ஓடினேன். தாளுக்கு அடியில் தோல் வெந்து கொப்புளம் வந்தது. அதை உழைப்பின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அம்மா என் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்தாள்.

"இன்னாடா இப்டி நாறுது? குடிக்கிறியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத, பேமானி. எவங்கூடடா சேர்ந்த?"

மகன் கெட்டுப்போக அவளுக்குத் தெரிந்த வழிகள் இரண்டே. ஒன்று சாராயம், இன்னொன்று பீடி. இரண்டுக்கும் சேர்த்து விளக்குமாற்றால் அடித்தாள். நான் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

உடம்பு இறங்கியது. விளையாட்டு வாத்தியார் முதுகில் தட்டினார். மாமன் மகன்கூட, "மச்சான், செம்மயா ஆயிட்ட"னு சொன்னான். ஒருத்தரும் எப்படி என்று கேட்கவில்லை. ஒரு பெண் அப்படி மெலிந்திருந்தால் காய்ச்சலா, காதலா என்று தெருவே விசாரித்திருக்கும். பையன் மெலிந்தால் வளர்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள். எழுந்து நின்றால் எனக்குக் கண் இருட்டியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலில் குளிர்ந்தது. அதெல்லாம் வெளியே தெரியாது.

பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று நைனா மூன்று மாதம் என்னைப் படகில் ஏற்றவில்லை. மணல் மூட்டையை வைத்தே சமாளித்தார். பரீட்சை முடிந்த வாரம் எங்கள் பாடு வந்தது. பாடு என்றால் முறை. ஏரியில் மீன் கூடுகிற நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும். நம் நாளை விட்டால் அது மறுபடி சுற்றி வரும்வரை ஓரத்துச் சேற்றில் பொடி மீன்தான். அந்த நாளுக்காக நைனா ஒரு மாதம் உட்கார்ந்து வலை கோத்திருந்தார்.

எனக்கு வேறு கணக்கு. பாடு முடிந்து திரும்பும்போது கரையில் ஊரே நிற்கும். முதல் தடவையாகச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படகின் விளிம்பில் நிற்க வேண்டும். அதற்காக இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்தேன். திரும்பும்போது அவிழ்த்துவிடலாம் என்று அன்று காலையிலும் தாளைக் கட்டிக்கொண்டேன்.

நைனா ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்து படகில் போட்டார்.

"நாந்தான் வரேனே நைனா. மூட்டை எதுக்கு?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்து தூக்குதுடா. நீயும் எளச்சாப்பல கீற."

பக்கத்துப் படகிலிருந்து மாமன் மகன் கத்தினான். "மாமா, உம் மூட்டை கிழிஞ்சு மணலெல்லாம் கொட்டிப்போச்சு. ரெண்டா ஏத்திக்கோ!"

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை கனமாக இருந்ததற்குச் சிரித்தவர்கள், அன்றைக்குக் கனம் இல்லாததற்குச் சிரித்தார்கள். நான் மூட்டையை உருட்டிக் கீழே தள்ளினேன்.

"வேணாம் நைனா. நான் தாங்குவேன்."

நைனா மூட்டையைக் கரையோரமாக இழுத்துப் போட்டார். நாலு பேர் முன்னால் மகன் சொன்னதைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, ஏறு."

பாதி ஏரி தாண்டியதும் தெற்குக் காற்று ஓங்கி அடித்தது. "சாயிடா!" என்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் படகுக்கு வெளியே சாய்க்க வேண்டும். நூறு தடவை செய்த வேலை. சாய்ந்தேன். படகு நிமிரவில்லை. இன்னும் சாய்ந்தேன். கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. கை தானாகத் திறந்துகொண்டது. நான் ஒரு பக்கம் தண்ணீரில் விழுந்தேன், படகு மறுபக்கம் கவிழ்ந்தது.

அங்கே மார்பளவுதான் ஆழம். யாரும் சாகவில்லை. நைனாவின் தோளில் பாய்மரம் விழுந்து எலும்பு முறிந்தது. வலை, சேற்றில் நட்டிருந்த கழிகளில் சுற்றிக் கிழிந்தது. படகு கவிழ்ந்தாலும் முறை முறைதான். மறுநாள் அடுத்தவருடையது.

மற்றப் படகுகள் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தன. நான் நிற்க முடியாமல் மணலில் படுத்திருந்தேன். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க நைனா ஒற்றைக் கையால் என் சட்டையைத் தூக்கினார். ஊரே சுற்றி நின்றது. நான் காட்ட நினைத்த வயிறு எல்லாருக்கும் தெரிந்தது. மேலே ஐஸ் பெட்டித் தாள். அதைச் சுற்றி அவருடைய வலை நூல்.

"இது இன்னாடா?"

மீனுக்கு ஐஸ் போடுகிற ஊரில் அந்தத் தாளைத் தெரியாதவர் இல்லை. நைனா இடுப்புக் கத்தியை எடுத்து நூலை அறுத்தார். தாளோடு தோலும் கொஞ்சம் வந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். நான் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். மாமன் மகன் போனை எடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.

நைனா கடைசியாக ஒன்று சொன்னார். திட்டவில்லை. கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"சொல்லியிருந்தா மூட்டைய ஏத்தியிருப்பனே."

பதினொன்றாவது போகவில்லை. அவருக்குத் தோள் கூடி வர மாதக்கணக்காயிற்று. அது கூடுவதற்கு முன்பே நான் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். மீஞ்சூரில் தொழிற்சாலை, ஆந்திரப் பக்கம் இறால் பண்ணை, கேரளத்தில் மீன் ஏற்றும் லாரி. எங்கேயும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. நாலு பேர் எதிரில் சோறு பிசைய இன்றும் கை வருவதில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்டால் ஏறாமல் தாண்டியதில்லை. எந்த எண் வந்தாலும் சரியாக இருந்ததில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வேலை கொடுத்த சோற்றில் உடம்பு மறுபடி கனத்திருந்தது. டீக்கடையில் மாமன் மகன், "இன்னா மச்சான், மூட்டை திரும்ப ரொம்பிடுச்சு போல"னு சிரித்தான். அவனுக்கும் தொந்தி விழுந்திருந்தது. சட்டையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை நைனா படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னும் பாய்தான். ஒரு தோள் இறங்கியிருந்தது.

"நானும் வரவா நைனா?"

அவர் போய் ஒரு மூட்டையைத் தூக்கி வந்தார். அதை விளிம்பில், நான் உட்காருகிற இடத்தில் வைத்தார். இரண்டாவதையும் தூக்கி வந்து அதன்மேல் வைத்தார். வாங்கி வைக்க நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ஏறு. நடுவுல குந்து."

படகின் நடுவில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில், வேடிக்கை பார்க்க வருகிற சின்னப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன். காற்று அன்றைக்கு அவ்வளவாக இல்லை. மூட்டைகள் இடம் மாற வேண்டி வந்த இரண்டு தடவையும், அந்தத் தோளோடு அவரே எழுந்து இழுத்துப் போட்டார்.