உறைமோரும் என் கரண்டியும்

தொண்ணூறுகளின் நடுவில், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தயிர்ப் பண்ணையில் எனக்கு உறைமோர் வளர்க்கும் வேலை. நுண்ணுயிரியல் படித்திருந்தேன், அதைவிட நன்றாகச் சந்தேகப்படத் தெரியும். தயிர் உறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன். என் சொந்த எவர்சில்வர் கரண்டியோடு போய் ஒவ்வொரு தொட்டியிலும் முக்கிப் பார்ப்பேன்.

ஒரு வாரமாகத் தயிர் உறையவே இல்லை. பால் பாலாகவே கிடந்தது. உறைமோர்க் குடுவைகளைக் கழுவும் அக்கா மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. சோப்பை அலசாமல் விடுகிறாரா? வேண்டுமென்றே எதையாவது கலக்கிறாரா? நான் உள்ளே வந்தால் ஏன் பேச்சை நிறுத்துகிறார்? எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நல்லா அலசித்தானுங்க அம்மணி வெச்சேன்" என்றார். நான் நம்பவில்லை. முதலாளி என் பேச்சை நம்பினார். மறுநாளிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகும் தயிர் உறையவில்லை. குடுவையைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டில் கல்லூரி ஆய்வகத்திலிருந்த தோழியிடம் போனேன். நான்கு நாள் கழித்து அவள் இரண்டு தட்டுகளைக் காட்டினாள். என் உறைமோரிலிருந்த பாக்டீரியா படர்ந்த தட்டில் பூச்சி அரித்தது போல ஓட்டைகள். அவளுடைய பாக்டீரியா இருந்த தட்டில் ஒன்றுகூட இல்லை.

"உன் குடுவையில பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ் இருக்குது. ரெண்டு தட்டுலயும் அதைத்தான் உட்டேன். என்னுது உசாரு. உள்ள வர்ற டி.என்.ஏ.வுல தன்னோட குறி இல்லீன்னா துண்டு துண்டா வெட்டிப்போடும். தன்னுதுல குறி போட்டு வெச்சிருக்கறதால அதைத் தொடாது."

எனக்கு அந்த பாக்டீரியாவை உடனே பிடித்துப்போயிற்று. யாரையும் நம்பாத என் ரகம்.

"இந்த வைரஸ் வழக்கமா தயிர்த் தொட்டியிலதான் பெருகும். அது குடுவைக்குள்ள எப்படிப் போச்சு?" என்றாள்.

என் கை பைக்குள் இருந்த கரண்டியைத் தொட்டது. தொட்டிகளைப் பார்த்த கையோடு உறைமோரையும் அதே கரண்டியால்தான் கிளறிப் பார்ப்பேன். நடுவில் என் வெள்ளைக் கோட்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். வெட்டும் முன் குறியைப் பார்க்கிற அந்த பாக்டீரியாவுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

தோழி கொடுத்த உறைமோரில் தயிர் கெட்டியாக உறைந்தது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"திட்டறப்ப எல்லாரு முன்னாடியும் திட்டுனீங்க. இத மட்டும் ஏனுங்க அம்மணி ஊட்டுக்கு வந்து சொல்றீங்க?"